இரவு இருமலும் ஈசினோபிலும்: தென்னார்க்காட்டு நோய் ஒன்றின் வரலாறு

வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபீலியா என்பது, யானைக்கால் புழுவை அழிக்கப் புறப்பட்ட நோய் எதிர்ப்பு அணுக்கள் நுரையீரலையே புண்ணாக்கிவிடும் நோய். நள்ளிரவுக்கு மேல் வறட்டு இருமல் தொடங்கும். மூச்சு இளைக்கும், நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், உடம்பு மெலியும். எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாக நிழல் விழுந்திருக்கும். நலமானவர் ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு கன மில்லிமீட்டருக்கு 500-க்குள் அடங்கும். இந்த நோயாளியிடம் அது 3000-ஐத் தாண்டி நிற்கும். பெண்களைவிட ஆண்களுக்கே, அதிலும் வேலைக்குப் போகும் வயதினருக்கே, இது அதிகம் வந்தது. இருமலும் மெலிவும் சேர்ந்ததால் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட்டவர்கள் பலர்.

தமிழ்நாட்டில் இந்த நோயின் பெயர் மருத்துவப் புத்தகத்தோடு நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் சிற்றூர்களுக்கு வந்தபின், விடாத இருமல் எதுவானாலும் ‘ஈசினோபீலியா’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. யானைக்கால் நோய் வேரூன்றியிருந்த தென்னார்க்காடு போன்ற மாவட்டங்களில் அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 1993 வரை தென்னார்க்காட்டிலும், பின்னர் 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த பகுதி. மேற்கே கல்வராயன் மலை, கிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர் சமவெளி. யானைக்கால் புழுவின் கதை பெரிதும் சமவெளியைச் சேர்ந்தது. ஈசினோபிலின் கதையில் மலைக்கும் பங்குண்டு.

ஈசினோபிலை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மனியின் பவுல் எர்லிக். 1879-இல் அவர் ரத்தத் துளிகளைச் சாயங்களில் தோய்த்துப் பார்த்தபோது, ஒருவகை வெள்ளையணுவின் உள்ளே இருந்த மணிமணியான துகள்கள் மட்டும் ஈசின் என்ற சாயத்தை இழுத்துப் பளிச்சென்று சிவந்தன. அந்தச் சாயத்தின் பெயரே அணுவுக்கும் பெயராயிற்று. குடற்புழு உள்ளவர்களிடமும் ஆஸ்துமாக்காரர்களிடமும் இது கூடுகிறது என்று மருத்துவர்கள் விரைவில் கவனித்தார்கள். எதற்காகக் கூடுகிறது, நல்லது செய்கிறதா கெட்டது செய்கிறதா என்பது இன்னும் நூறாண்டுக் காலம் கேள்வியாகவே இருந்தது.

யானைக்கால் புழுவைப் பற்றிய அறிவும் அதே காலத்தில்தான் வளர்ந்தது. 1872-இல் கல்கத்தாவில் டி.ஆர். லூயிஸ் மனித ரத்தத்தில் நெளியும் இளம்புழுக்களைக் கண்டார். 1877-இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். இளம்புழுக்கள் பகலில் நுரையீரலின் ரத்த நாளங்களில் ஒதுங்கிக் கிடந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் புற ரத்தத்துக்கு வருகின்றன. கடிக்கும் கியூலெக்ஸ் கொசுவும் இரவில்தான் வரும். அதனால்தான் யானைக்கால் தடுப்புப் பணியாளர்கள் ஊர் உறங்கும் நேரத்தில் வீடு வீடாகப் போய், தூக்கத்தில் இருப்பவர்களை எழுப்பி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கியது முதல் தமிழக ஊர்கள் கண்ட காட்சி இது.

ஆனால் இரவில் இருமியவர்களின் ரத்தத்தில் எந்த இரவு பார்த்தாலும் புழு இல்லை. நோய்க்கும் புழுவுக்கும் உள்ள உறவு நெடுநாள் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

நோயை நோயாக முதலில் பிரித்தெடுத்தவர்கள் காசநோய் மருத்துவர்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன் சங்கங்கள் சேர்ந்து நடத்திய காசநோய் சானடோரியம் இருந்தது. தமிழகத்திலிருந்தும் நோயாளிகள் அங்கே போவதுண்டு. அதன் தலைவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோலர். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரிந்தும் சளியில் காசநோய்க் கிருமி கிடைக்காத ஒரு கூட்டம் அவரிடம் வந்துகொண்டேயிருந்தது. அவர்களின் ரத்தத்தில் ஈசினோபில் மிகுந்திருப்பதைக் கண்டு, 1940-இல் பார்ட்டனோடு சேர்ந்து ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில், காசநோய் போலத் தோன்றும் வேறொரு நோய் என்று அதை எழுதினார். படுக்கை கிடைக்காமல் காசநோயாளிகள் வாசலில் காத்திருந்த காலம் அது. காசநோய் இல்லாதவரை அடையாளம் கண்டு வீட்டுக்கு அனுப்பியது இரு தரப்புக்கும் உயிர்காத்த செயல்.

மூன்றாண்டு கழித்து, 1943-இல், இந்தியாவில் பணியாற்றிய ஆர்.ஜே. வைன்கார்ட்டன் ‘லான்செட்’ இதழில் 81 நோயாளிகளைப் பற்றி எழுதினார். ‘டிராப்பிகல் ஈசினோபீலியா’ என்ற பெயர் அவர் வைத்ததே. நியோஆர்ஸ்ஃபினமின் என்ற ஆர்சனிக் ஊசி போட்டால் இருமல் சில நாளில் அடங்குகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். மேகநோய்க்கான மருந்து அது. அதை உருவாக்கியவர் ஈசினோபிலைச் சாயத்தில் கண்டுபிடித்த அதே எர்லிக். ஆர்சனிக்கின் நச்சு கல்லீரலையும் தோலையும் பதம்பார்த்தது. ஆனாலும் அன்றைக்கு வேறு வழி இல்லை.

மாற்று மருந்து வந்த வழியிலும் சென்னைக்குத் தொடர்புண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ், கதராடை அணிந்து அறுவை வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அமெரிக்கா சென்று ஹார்வர்டில் உழைத்து, பிறகு லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அங்கே அவர் வழிநடத்திய குழுக்களின் உழைப்பில் 1947-இல் வெளிவந்தது டைஎத்தில்கார்பமசின். கடைகளில் ஹெட்ரசான் என்றும் பனோசைடு என்றும் விற்றது. அரசு மருத்துவமனைகளில் டி.இ.சி. மாத்திரை. யானைக்கால் புழுவின் இளம்புழுக்களை ரத்தத்திலிருந்து விரட்டும் இந்த மருந்து தென்னிந்தியச் சிற்றூர்களில் எத்தனை கோடி முறை விழுங்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப்பார்த்தால், 1948-இல் 53 வயதில் மறைந்த அந்த மனிதருக்கு இந்த மண் பட்ட கடன் புரியும்.

1950-களின் நடுவில் பம்பாயில் கனாத்ராவும் லூயிஸும் இந்த மருந்தை ஈசினோபீலியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இருமல் நின்றது, ஈசினோபில் இறங்கியது. யானைக்கால் மருந்துக்கு இந்த இருமல் ஏன் அடங்க வேண்டும்? சிங்கப்பூரில் இதே நோயைப் பார்த்துவந்த தம்பு ஜான் தனராஜ் ரத்தத்தில் விடை தேடினார். நாயின் இதயத்தில் வாழும் டைரோஃபைலேரியா என்ற புழு யானைக்கால் புழுவின் உறவுக்காரன். அதிலிருந்து எடுத்த சாற்றோடு நோயாளிகளின் ரத்தநீர் தொடர்ந்து வினைபுரிந்தது. அதாவது, புழு கண்ணில் படாவிட்டாலும் உடம்பு அதை அறிந்திருந்தது. 1958-இல் ஜே.ஜே.சி. பக்லி விலங்கிலிருந்து எடுத்த, ஃபைலேரியா எனப்படும் இதே வகைப் புழுவைத் தன்னார்வலர் உடலில் செலுத்தி அதே இருமலும் ஈசினோபில் ஏற்றமும் வரக் கண்டார். குற்றவாளி விலங்குப் புழுவாகத்தான் இருக்குமோ என்ற ஐயம் சில காலம் நிலவியது.

நேரடிச் சாட்சி வேலூரிலிருந்து வந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவர் ஜே.கே.ஜி. வெப், நோயியல் துறையின் சி.கே. ஜாப், ஈ.டபிள்யூ. கால்ட் ஆகிய மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செத்த திசுவின் நடுவில், நாற்புறமும் ஈசினோபில்கள் மொய்த்துக்கொண்டிருக்க, சிதைந்த நிலையில் இளம்புழுக்கள் கிடந்தன. 1960-இல் ‘லான்செட்’ அதை வெளியிட்டது. ரத்தத்தில் புழு இல்லாததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது: புழு வராமலில்லை, வந்ததெல்லாம் நுரையீரலிலேயே மடக்கப்பட்டுக் கொல்லப்படுகிறது. தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் உயிரோடிருந்து குட்டிகளை ஈன்றபடி இருக்கிறது. பெரும்பாலோரின் உடல் இளம்புழுக்களைக் கண்டும் காணாமல் விடுகிறது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் புழுவைச் சுமந்தும் இருமுவதில்லை. மிகச் சிலரின் உடல் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. புழு தொற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களே இந்த நுரையீரல் நோய்க்கு ஆளாகிறார்கள். இங்கே நோய் என்பது புழுவின் வலிமையல்ல, எதிர்ப்பின் அளவு மீறல்.

நுரையீரல் திசுவில் அந்த எதிர்ப்பு நடக்கும் வரிசையை 1960-களில் தனராஜும், பம்பாயில் உத்வாடியாவும் அவருடைய சகாக்களும் விரிவாக எழுதினார்கள். முதல் இரண்டு வாரங்களில் காற்றறைகளில் ஹிஸ்டியோசைட் எனப்படும் விழுங்கும் அணுக்கள் நிறைகின்றன. அடுத்து ஈசினோபில்கள் படையெடுத்து வந்து நிமோனியா போலத் திட்டுத்திட்டாகத் தேங்குகின்றன. சில இடங்களில் சிறு கட்டிகளாகவே திரள்கின்றன. மாதங்கள் போகப் போக இரண்டு வகையும் கலந்து, நார்த்திசு மெல்ல எட்டிப்பார்க்கிறது. சிகிச்சையில்லாமல் ஆண்டுகள் கடந்தால் நார்த்திசுவே மிஞ்சும். விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் விறைத்துப்போகும். அந்தக் கட்டத்தில் எந்த மாத்திரையும் பழைய மூச்சைத் திருப்பித் தராது.

இதுவரை பார்த்ததெல்லாம் அறுத்தெடுத்த திசு. உயிருள்ள நுரையீரலில் அணுக்கள் என்ன செய்கின்றன என்பதைக் காட்டியது சென்னை சேத்துப்பட்டில் 1956 முதல் இயங்கிவரும், அன்று காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் கொண்டிருந்த நிறுவனம். அங்கே வி.கே. விஜயன், வி. குமாரசாமி ஆகியோர் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ரொனால்டு கிரிஸ்டல், தாமஸ் நட்மன் குழுக்களோடு இணைந்து வேலை செய்தார்கள். பிராங்கோஸ்கோப் என்ற வளையும் குழாயை மூச்சுக்குழல் வழியே இறக்கி, நுரையீரலின் ஒரு பகுதியில் உப்புநீரை விட்டு, உடனே அதை உறிஞ்சி எடுப்பார்கள். கலங்கி வரும் அந்தக் கழுவுநீரில் காற்றறைகளின் அணுக்கள் மிதக்கும். நலமானவரின் கழுவுநீரில் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்களே ஏறக்குறைய முழுவதும். ஈசினோபில் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. நோயாளிகளின் கழுவுநீரில் சுமார் பாதி ஈசினோபில். ரத்தத்தில் இருந்ததைவிட நுரையீரலில் செறிவு அதிகம்; போர் நடக்கும் இடம் எது என்பதில் ஐயமே இல்லாமல் போயிற்று.

1987-இல் வெளியான அந்த ஆய்வில் எண்ணிக்கையைவிட முக்கியமான காட்சி ஒன்று உண்டு. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஈசினோபிலின் துகள்கள் முழுதாக இல்லை. எர்லிக் சாயமேற்றிச் சிவக்கக் கண்ட அதே மணிகள் நடுவில் கரைந்தும் ஓரம் சிதைந்தும் உள்ளீடு இழந்து கிடந்தன. அவற்றிலிருக்கும் புரதங்கள் காரத்தன்மை உடையவை. புழுவின் தடித்த தோலைத் துளைக்க வல்லவை. காற்றறையின் மெல்லிய சுவருக்கு அவை புழுவைவிடக் கொடியவை. 2003-இல் இதே குழுவினர் அந்தத் துகள் புரதங்களை நுரையீரல் நீரிலேயே அளந்து, நோயின் காயம் ஈசினோபில் உள்ளூரில் வெடித்து உமிழ்வதால் வருவதே என்று நிறுவினார்கள்.

ஈசினோபில் தானாகப் படையெடுப்பதில்லை. புழுவின் புரதத்தைச் சந்தித்த டி-உதவி அணுக்களில் இரண்டாம் வகை இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-5 என்ற தூதுப்பொருள்களைச் சுரக்கிறது. முன்னது பி-அணுக்களை ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருள் தயாரிக்கத் தூண்டுகிறது. இந்த நோயில் ஐ.ஜி.ஈ. ஆயிரக்கணக்கில் ஏறுவது அதனால்தான். பின்னது எலும்பு மஜ்ஜையில் ஈசினோபில்களைப் பெருக்கி, அவை இயல்பான காலத்தில் சாகாமல் காக்கிறது. நுரையீரல் நீரில் புழுவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ., ஐ.ஜி.ஜி. இரண்டும் அங்கேயே உற்பத்தியாகித் தேங்குவதை நட்மனும் விஜயனும் 1989-இல் காட்டினார்கள். 1992-இல் அந்த எதிர்ப்பொருள்கள் குறிவைக்கும் புழுப் புரதம் ஒன்று அடையாளம் காணப்பட்டது. மனித நுரையீரலின் மேல்தோலிலும் உள்ள ஒரு நொதிக்கு அது நெருங்கிய உறவு. புழுவைத் தேடிய எதிர்ப்பொருள் சொந்தத் திசுவிலும் கைவைக்கக்கூடும் என்ற கவலைக்கு இடம் தரும் கண்டுபிடிப்பு அது.

டி.இ.சி. மூன்று வாரம் கொடுத்தால் கழுவுநீரில் ஈசினோபில் மளமளவென்று இறங்கியது. இரண்டு வாரத்துக்குள்ளேயே மாற்றம் தெரிந்தது. நோயாளி இரவில் தூங்கினார். அங்கேயே கதை முடிந்ததாகத்தான் மருத்துவர்கள் நெடுங்காலமாக நம்பிவந்தார்கள். சென்னைக் குழு அப்படி விடாமல், ஏறக்குறைய ஓராண்டு கழித்து சிகிச்சை முடித்த நோயாளிகளின் நுரையீரலைக் கழுவிப் பார்த்தது. 1990-இல் ரோம் என்ற ஆய்வாளர், விஜயன் முதலியோர் எழுதிய முடிவு கலக்கம் தருவது: பலரின் நுரையீரலில் ஈசினோபில் அழற்சி குறைந்த அளவில் தொடர்ந்தது. அவர்களின் மேக்ரோஃபேஜ்கள் திசுவை அரிக்கும் ஆக்சிஜன் பொருள்களை இயல்பைவிட அதிகம் வெளியிட்டன. வெளியே இருமல் நின்ற பிறகும் உள்ளே கங்கு அணையவில்லை. இன்று சிகிச்சைக்குப் பின்னும் நோயாளியைக் கண்காணிக்க வேண்டும், மீண்டும் இருமல் வந்தால் மறுசுற்று மருந்து வேண்டும் என்று சொல்லப்படுவதற்கு இந்த ஆய்வும் ஓர் அடிப்படை.

நோயின் ஊற்றை அடைக்கும் வேலை ஊர்ச் சாக்கடையில் நடந்தது. அதில் திருக்கோவிலூருக்குத் தனி இடம் உண்டு. மதுரையின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், ரேச்சல் ரூபன், ஆர். ராஜேந்திரன் முதலியோரின் முயற்சியில், 1990-களின் நடுப்பகுதியிலிருந்து திருக்கோவிலூரைச் சுற்றிய சிற்றூர்களை ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டது. சில ஊர்களில் ஆண்டுக்கொருமுறை மாத்திரை மட்டும். சிலவற்றில் மாத்திரையோடு கொசு ஒழிப்பும். கியூலெக்ஸ் கொசு முட்டையிடுவது சுத்தமான நீரில் அல்ல. பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் குளியலறைத் தண்ணீர் விழும் கழிவுநீர்க் குழியிலும் உறிஞ்சுகுழியிலும்தான். அந்தக் குழிகளில் தெர்மோகோல் மணிகளைக் கொட்டினார்கள். சிறு வெள்ளை உருண்டைகளான அவை நீரின் மேல் ஆடையாகப் படிந்துகொள்ளும். கொசுவுக்கு முட்டையிட நீர்ப்பரப்பு கிடைக்காது. உள்ளே இருக்கும் கொசுப்புழுக்கள் மூச்சுவிட மேலே வர முடியாது. நஞ்சு இல்லை, நாள்தோறும் தெளிக்கும் வேலையும் இல்லை. கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விட்டார்கள். மாத்திரையும் கொசு ஒழிப்பும் சேர்ந்த ஊர்களில், மாத்திரையை நிறுத்திய பிறகும் பலன் நீடித்தது. மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களில் தொற்று தலைதூக்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழ் 2007-இல் வெளியிட்ட இந்த முடிவு, யானைக்கால் ஒழிப்பைப் பற்றிய விவாதங்களில் திருக்கோவிலூரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது.

கல்வராயன் மலையின் நிலை வேறு. சரிவில் நீர் தேங்காது, மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள் சிறியவை, சிதறியவை. கழிவுநீர்க் கொசுவுக்கு ஏற்ற சூழல் அல்ல. அதனால் மலையில் ஈசினோபில் கூடாது என்று பொருளில்லை. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் தோல் வழியே நுழையும் கொக்கிப்புழு, வாய் வழியே போகும் உருளைப்புழு இரண்டின் இளம்புழுக்களும் குடலுக்குப் போகும் வழியில் நுரையீரலைக் கடக்கின்றன. அப்போது சில நாள் இருமலும் ஈசினோபில் ஏற்றமும் வரும், தானாகவே அடங்கும். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் ஒருவரின் ரத்தச் சீட்டில் ஈசினோபில் கூடியிருப்பதும், திருக்கோவிலூர்க்காரரின் சீட்டில் அதே எண் இருப்பதும் ஒரே நோயைச் சொல்வன அல்ல. மலத்தில் புழு முட்டை உண்டா, ஃபைலேரியா எதிர்ப்பொருள் உயர்ந்திருக்கிறதா, இருமல் எத்தனை வாரம் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து ‘ஈசினோபீலியா’ என்று மாத்திரை எழுதியது பல்லாண்டு நடந்த தவறு.

1996-இல் பழைய தென்னார்க்காட்டின் மறுபாதியான கடலூர் மாவட்டத்தில் ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் டி.இ.சி. கொடுக்கும் முறை தொடங்கி, மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. 2004-இல் அது நாடு தழுவிய திட்டமானது. 2007 முதல் குடற்புழு மருந்தான அல்பெண்டசோலும் சேர்ந்தது. ஒரே விழுங்கலில் யானைக்கால் புழுவுக்கும் குடற்புழுவுக்கும் அடி விழுந்தது. ஊரில் புழு குறைந்ததும் நுரையீரல் ஈசினோபீலியாவும் அருகியது. ஒரு தலைமுறைக்கு முன்பு கூட்டத்தில் பார்த்தே கண்டுகொள்ளப்பட்ட நோயை இன்றைய இளம் மருத்துவர் ஆஸ்துமா என்று எண்ணி, இன்ஹேலர் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு கூடியிருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரால் ஈசினோபில் தற்காலிகமாக அடங்குவதால் தவறு மேலும் மறைந்துகொள்ளும்.

2022 ஜனவரியில் முறையாகத் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, மலையும் சமவெளியும் சேர்ந்த இந்த வட்டாரத்து நோயாளிகள் வந்துசேரும் இடம். அங்கே நோயைத் தீர்மானிக்கத் தேவையானவை விலைமிக்க கருவிகள் அல்ல: இரவு இருமல், 3000-க்கு மேல் ஈசினோபில், ஏறிய ஐ.ஜி.ஈ., ஃபைலேரியா எதிர்ப்பொருள், யானைக்கால் பகுதியில் வாழ்ந்த வரலாறு, கடைசியாக டி.இ.சி.க்கு உடல் இணங்குகிறதா என்ற சோதனை. உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் மூன்று வாரம் என்பதே இன்றும் அளவு. இன்டர்லூகின்-5-ஐத் தடுக்கும் மெப்போலிசுமாப் என்ற ஊசி 2015 முதல் கடும் ஈசினோபில் ஆஸ்துமாவுக்குப் பயன்பாட்டில் உள்ளது. டி.இ.சி.க்குப் பிறகும் அழற்சி அடங்காத நுரையீரலுக்கு இத்தகைய மருந்துகள் உதவுமா என்பது, 1990-இல் சென்னை எழுப்பிய கேள்வியின் தொடர்ச்சி.